முதல் காரும் முதல் கடனும்

1929இல் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றிச்செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். ஓட்டிப் பழகாத மகார் தோழர் ஒருவர் ஓட்ட, விபத்தில் அண்ணலின் கால் முறிந்தது. நாம் சைக்கிள், பைக் ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமை என்று 2015இல் சட்டத்தைத் திருத்தி எழுதவேண்டியிருந்த நாடு இது. எனவே நம் பிள்ளைகள் கார் வாங்குவதை நாங்கள் ஆடம்பரம் என்று சொல்லமாட்டோம்.

ஆனால் தோழர்களே, ஊர்த்தெருவுக்குக் காட்டுவதற்காக ஏழாண்டுத் தவணையில் புதுக்கார் வேண்டாம். தவணை தவறினால் வாசலிலிருந்தே வண்டியை எடுத்துப்போவார்கள். அதையும் அதே ஊர்தான் பார்க்கும்.

கையிருப்புக்குள் அடங்கும் பழைய சின்ன கார் போதும். மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால், அது நீங்கும்வரை முழுப்பணம் தராதீர்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாறட்டும். ஏர்பேக் முக்கியம், அலாய் வீல் பிறகு.

மிச்சப்படும் தவணைப் பணம் தங்கையின் கல்லூரிக் கட்டணமாகட்டும்.

ஜெய்பீம்.