வாசலில் நின்ற தமிழ்ச் சிப்பாய்

1987 ஜூலை ஒப்பந்தப்படி இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை, அக்டோபரிலேயே புலிகளோடு போரில் இறங்கியது. நம் தங்கவயல் மாரிகுப்பத்துப் பையன் ஒருவன் லீவில் வந்தபோது கண்ணிவெடியைப் பற்றிப் பேசவில்லை. "வீடு சோதனை போடப் போனா, 'தம்பி, நீயும் தமிழனா?'ன்னு ஒரு கிழவி கேட்டுச்சு மாமா" என்றான். மொழி தெரிந்தவன் என்பதால் முன்னால் நிறுத்தப்பட்டவன் அவன்தான்.

1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியது. அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழர் பட்ட பாட்டை நினைத்தால் அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அனுப்பியவர்கள் கணக்கைச் சிப்பாய் தலையில் எழுதலாமா? ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொழும்பு அருகே பத்தரமுல்லையில்கூட அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு.

யாழ்ப்பாணத்தில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் நினைவு நாள் நவம்பர் 25. அன்று நம் சங்கத்தில் ஒரு விளக்கு ஏற்றினால் என்ன? அந்தக் கிழவிக்கும் சேர்த்தே ஏற்றலாம்.