நல்லவர் அனுப்பிய செய்தி நல்ல செய்தியா?

ஒன்பது மாதக் குழந்தையின் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வருகிற புதன்கிழமை பாப்பாவுக்கு அம்மைத் தடுப்பூசி போட வரச் சொல்லியிருக்கிறார் நர்ஸம்மா. அதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி. இந்த ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சு வராமல் போய்விடுமாம். ஒரு பெரிய டாக்டரே சொன்னாராம். அனுப்பியவர் என் நாத்தனார். பொய் சொல்கிறவர் இல்லை. ஊசி போடலாமா, வேண்டாமா? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை."

போடுங்கள் அம்மா. தேதி தவறாமல் போடுங்கள். குழந்தைக்கு அன்று கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம். இரண்டொரு நாளில் சரியாகிவிடும்.

உங்கள் நாத்தனார் நல்லவர்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் தெருவில் நின்று சொன்னால், "போய்யா!" என்று கதவைச் சாத்திவிடுவோம். அதையே அத்தையோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ சொன்னால் நம்பிவிடுகிறோம். அவர்களும் இன்னொரு நல்லவரிடமிருந்து வாங்கியதைத்தான் நமக்குத் தருகிறார்கள். முதலில் எழுதியவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது!

இந்த ஊசிக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். உடனே வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பல பெற்றோர் "எங்க பிள்ளைக்கு வேண்டாம்" என்று மறுத்துவிட்டார்கள். அந்த மாதமே முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களா என்ன? பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கும் பெற்றோர்கள்தாம்.

"பேச்சு வராது" என்ற கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர், வெறும் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டது அந்தக் கட்டுரை. அது சரியல்ல என்று தெரிந்து, 2010-ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய பெயரும் அதே ஆண்டில் டாக்டர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது.

பின் ஏன் இந்தப் பயம் போகவில்லை? பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது என்று தாய்க்குத் தெரியவருவதே ஒன்றரை வயது வாக்கில்தான். இரண்டாவது ஊசி போடுவதும் அதே வயதில். இரண்டும் சேர்ந்து வருவதால், ஒன்றால்தான் மற்றது என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

ஊசியைத் தள்ளிப் போட்டால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? தட்டம்மை, 'அம்மா வந்துவிட்டுப் போவாள்' என்று விட்டுவிடக் கூடிய நோய் அல்ல. நிமோனியா வரலாம், மூளைக் காய்ச்சல் வரலாம், சத்துக் குறைந்த குழந்தைக்குக் கண்ணே போகலாம். ருபெல்லா பார்வைக்குச் சாது. ஆனால் கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் தொற்றினால், வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும் ஆபத்து மிக அதிகம். உங்கள் பாப்பாவுக்குப் போடும் ஊசி, அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்கும் காவல்.

தாயின் பயத்தைத் தொட்ட இன்னொரு வதந்தி உயிரையே வாங்கியது. 2018-ல் 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி. உண்மையில் அது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த மே மாதத்தில் இப்படிப்பட்ட பீதி பரவியிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த வயதான அம்மாள் ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் கூடி அடித்தது. அவர் உயிர் போயிற்று. மிட்டாய் கொடுத்ததற்கு!

ஆகவே, சகோதரிகளே, அனுப்பும் பட்டனில் விரலை வைக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. ஊர், தேதி, பெயர் மூன்றும் இருக்கின்றனவா? 'ஒரு பெரிய டாக்டர்', 'ஒரு பள்ளியில்' என்றே இருந்தால் நம்ப வேண்டாம்.

2. 'உடனே அனுப்புங்கள், அழிப்பதற்குள் பாருங்கள்' என்று அவசரப்படுத்துகிறதா? விசாரிக்க விடாமல் செய்யத்தான் அந்த அவசரம்.

3. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா? குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை ஒரே நேரத்தில் ஒரு குரூப்புக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020-லேயே வாட்ஸ்அப் தடை போட்டது.

4. படமும் குரலும் சாட்சி அல்ல. பழைய படத்துக்குப் புதுக் கதை எழுதலாம். இப்போது கம்ப்யூட்டரே ஒருவர் குரலில் பேசிக் காட்டுகிறது.

5. தெரிந்தவர்களைக் கேளுங்கள். ஊசி பற்றி நர்ஸிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். குழந்தைக்கு ஆபத்து என்று பட்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள், தெருவைக் கூட்டாதீர்கள்.

"அதெல்லாம் சரி, மாமனார் அனுப்பினால் எப்படி மறுத்துப் பேசுவது?" என்று கேட்பீர்கள். குரூப்பில் நாலு பேர் முன்னால் மறுக்க வேண்டாம். தனியாக, "மாமா, நீங்க அனுப்பினதைப் பார்த்துட்டு நர்ஸம்மாகிட்டே கேட்டேன். அது தப்பாம். நீங்களே குரூப்பிலே சொல்லிட்டா எல்லாரும் கேட்டுப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவரின் மரியாதையும் காப்பாற்றப்படும், குடும்பமும் தப்பிக்கும். நாத்தனாருக்கும் இதே மருந்துதான்.

தவறான செய்தியை நாமே அனுப்பிவிட்டோம் என்று தெரியவந்தால், சத்தமில்லாமல் அழித்துவிட்டால் போதாது. அதற்குள் அது எத்தனை வீடு போயிருக்குமோ! அனுப்பிய அதே இடத்தில், "நேற்று அனுப்பியது உண்மையில்லை, யாரும் நம்ப வேண்டாம்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடக் கிளம்பினாலும் போதுமே!