பஸ் எரிந்த பிறகு வந்த உத்தரவு

2016 ஏப்ரல் 19ஆம் தேதி மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் செய்தார். பி.எஃப். பணத்தை எடுப்பதற்கு அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை ஜூலை 31 வரை தள்ளிவைப்பதாக முதலில் சொன்னார். மாலையில், அது ரத்து என்றார்.

இந்த அவசரத்துக்குக் காரணம் பெங்களூர். ஏப்ரல் 18, 19 இரண்டு நாட்களும் ஓசூர் சாலையிலும் பீன்யாவிலும் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் சாலையை மறித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இரண்டாம் நாள் மாநகர பஸ்கள் எரிந்தன. ஹெப்பகோடி காவல் நிலையத்தில் நின்ற வாகனங்கள் எரிந்தன. கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப் புகை. எந்தத் தொழிற்சங்கமும் அவர்களை அழைக்கவில்லை. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட ஒரு தலைவர்கூட இல்லாத கூட்டம்.

ஏழ்மையும் ஏற்றத்தாழ்வும் கலவரத்தை நியாயப்படுத்துமா என்ற கேள்வி பட்டிமன்றத்துக்கு உகந்தது. ஆமாம் என்றாலும் கைதட்டல் கிடைக்கும், இல்லை என்றாலும் கிடைக்கும். அந்த இரண்டு நாட்களை முன்னால் வைத்துக்கொண்டு பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

விஷயம் இதுதான். தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் பிடித்தம். முதலாளியும் 12 சதவீதம் கட்ட வேண்டும், அதில் 8.33 பென்ஷனுக்குப் போக, மிச்சம் 3.67 சதவீதம் பி.எஃப். கணக்கில் சேரும். வேலையை விட்டாலும் அந்த முதலாளி பங்கை 58 வயது வரை தொடக்கூடாது என்றது புதிய விதி. முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் தையல் மிஷினில் 58 வயது வரை உட்காருகிறவர் எத்தனை பேர்? கண்ணும் முதுகும் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும். அப்போது மாதம் சுமார் 7,000 ரூபாய் வாங்கிய பெண், சில வருடங்களுக்கு ஒருமுறை வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, கடனை அடைத்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பக்கத்துத் தொழிற்சாலையில் புதிய ஆளாகச் சேருவது வழக்கம். (ஐந்து வருடம் முடியுமுன் அவள் ராஜினாமா செய்தால் முதலாளிக்குக் கிராஜுவிடி மிச்சம் என்பது தனிக் கதை.) சட்டத்தின் கண்ணில் அது ஓய்வுக்காலச் சேமிப்பு. அவளுக்கு அது ஏலம் எடுக்கக் காத்திருக்கும் சீட்டு.

அதே ஆண்டு பிப்ரவரி 29 பட்ஜெட்டையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பி.எஃப். தொகையை எடுக்கும்போது அதில் 60 சதவீதத்துக்கு வரி என்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி முன்மொழிந்தார். நடுத்தர வர்க்கம் கொதித்தது. டி.வி. விவாதங்கள், தலையங்கங்கள், இணையத்தில் கையெழுத்து வேட்டை. மார்ச் 8ஆம் தேதி ஜேட்லி அதை நாடாளுமன்றத்திலேயே வாபஸ் பெற்றார். எட்டே நாள். அதற்காக யாரும் ஒரு ஜன்னல் கண்ணாடியைக்கூட உடைக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதே பிப்ரவரி 10 அறிவிப்பும் இருந்தது. அதன் அமலாக்கத்தை ஏப்ரல் 30 வரை தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். சம்பளம் பெரிதாக இருப்பவனின் குரல் எட்டு நாளில் டில்லிக்குப் போய்ச் சேர்ந்தது. தையல்காரியின் குரல் இரண்டு மாதமாகியும் போய்ச் சேரவில்லை.

முதல் நாள் பெரும்பாலும் மறியல். டில்லி அசையவில்லை. இரண்டாம் நாள் பஸ் எரிந்தது. மாலையில் உத்தரவு ரத்து. இந்தக் காலவரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதை மறைத்துவிட்டு வன்முறை எதையும் சாதிக்காது என்று எழுதினால் அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். அமைதியாகக் கேட்டால் கொடுக்காததைத் தீ வைத்த பிறகு கொடுக்கும் அரசு, அடுத்த கூட்டத்துக்குப் பாடம் நடத்துகிறது.

அதற்காகத் தீயை நியாயம் என்று சொல்ல நான் தயாரில்லை. எரிந்தது யாருடைய பஸ்? முதலாளி மாநகர பஸ்ஸில் போகிறவர் இல்லை. மறுநாள் ஷிப்டுக்குப் போக நிறுத்தத்தில் நின்றவர்கள் அதே பெண்கள். தீ வைத்தவர்கள் வெளியாட்கள் என்று தொழிலாளர் தரப்பு சொன்னது; இருக்கலாம். தலைமை இல்லாத கூட்டத்தில் யாரும் நுழையலாம் என்பதே அதன் பலவீனம்.

பெங்களூரிலிருந்து கோலார் போகும் வழியில் உள்ள நரசாபுராவில் இதன் விலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் தொழிற்சாலையில் 2020 டிசம்பர் 12 அதிகாலை, இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். பெரும்பாலோர் ஏஜென்சிகள் மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். சொன்ன சம்பளம் வரவில்லை, வேலை நேரம் 12 மணியானது என்பது புகார். நிறுவனம் முதலில் போலீசில் சொன்ன நஷ்டம் 437 கோடி ரூபாய். பிறகு தைவான் பங்குச் சந்தைக்குச் சொன்னது 26 முதல் 52 கோடி வரை. மாநிலத் தொழிற்சாலைகள் துறை ஆய்வு செய்து சட்ட மீறல்களைக் கண்டது. ஆப்பிள் நிறுவனம் விஸ்ட்ரானைத் தகுதிகாண் நிலையில் வைத்தது. சம்பளம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று விஸ்ட்ரான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. புகார் உண்மை என்று ஊரே ஒப்புக்கொண்டது. ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஆலை 2023ல் டாடா கைக்குப் போனது.

அடுத்த வருடமே, 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் வேறு வழி காட்டினார்கள். விடுதிச் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் பலரைப் பிடித்துச் சென்றது. ஆனால் அவர்கள் எதையும் எரிக்கவில்லை. ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. ஆப்பிள் இங்கும் தகுதிகாண் நிலை அறிவித்தது; விடுதிகளைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. அதிகாரத்துக்கு வலிப்பது வேலை நிற்பதும் சாலை அடைபடுவதும்தான் என்பதற்கு இதுவே எனக்குச் சாட்சி. ஆனால் ஆப்பிள் என்ற பெயர் இருந்ததால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. பீன்யாவில் தைக்கப்பட்ட சட்டைகளில் எந்த பிராண்டின் பட்டை இருந்தது என்று 2016ல் கேட்டவர் அதிகமில்லை.

ஏழைகள் செய்யும் கலவரமெல்லாம் ஏழ்மையைப் பற்றியதுமல்ல. இது பெங்களூர்த் தமிழனுக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும், இந்த நகரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பலர் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கு ஓடினார்கள். அடிபட்டதில் பெரும்பகுதி கூலி வேலை செய்தவர்கள். 2016 செப்டம்பர் 12, தையல் பெண்களின் கிளர்ச்சிக்கு ஐந்தே மாதம் கழித்து, கே.பி.என். நிறுவனத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஒரே இடத்தில் எரிந்தன. தீ வைத்த இளைஞனுக்கு வேலை இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்பது சமூகவியலுக்குப் பயன்படும். அவன் குறிவைத்தது தன்னைப் போன்ற இன்னொருவனை.

1918 செப்டம்பரில் சென்னையில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன. உலகப் போர் விலைவாசியை ஏற்றிவிட்டிருந்தது. மாகாணத்தின் வேறு ஊர்களிலும் அந்த வருடம் இதே கதை. வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்ட் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரொட்டிக் கலவரங்களை ஆராய்ந்த ஈ.பி. தாம்ஸன், கூட்டம் பல இடங்களில் தானியத்தை நியாய விலைக்கு விற்று, பணத்தை வியாபாரியிடமே கொடுத்ததைக் காட்டினார். கூட்டத்துக்கும் கணக்கு உண்டு என்பது அவர் வாதம். சென்னையில் அதே 1918 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணையாக, பக்கிங்ஹாம்-கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மில் தொழிலாளிக்கு அதன் பிறகு பேச ஓர் ஆள் இருந்தார். கல்லும் வீசப்பட்டிருக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு கோரிக்கைப் பட்டியல் மேஜைக்குப் போகும்.

பெங்களூர் ஆடைத் தொழிலில் பல லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். சங்கத்தில் இருப்பவர்கள் மிகச் சிலர். சங்கம் என்று வாயெடுத்தவளைக் கவனித்து வெளியே அனுப்பும் முதலாளி, பஸ் எரிந்ததும் அகிம்சை பேசுவது எனக்கு உறுத்துகிறது.

2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். அறங்காவலர் குழு டில்லியில் கூடி விதிகளை மாற்ற முடிவெடுத்தது. வேலை போனவர் முக்கால் பங்கை உடனே எடுக்கலாம். மிச்சக் கால் பங்குக்கு, முன்பிருந்த இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். 2016 விதியைவிட இது தாராளம்தான். பெங்களூர்த் தொழிற்சாலை வாசல்களில் இதைக் கன்னடத்தில் அச்சடித்து ஒட்ட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மிஷினில் உட்காரும் பெண்கள் பெருகிவிட்டதால், ஒடியாவிலும் இந்தியிலும்கூட.