கீழே இறங்கி வராத விவரம்

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1823-ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளியொன்றைக் கண்டதும், அதன் வழிவந்த ஜிப்மருக்கு இன்று அண்டை மாவட்டங்களெல்லாம் நோயாளிகளை அனுப்பி வைப்பதுமான நம் புதுச்சேரியில், டாக்டர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லத் துணியார். ஆயினும் வைத்திக்குப்பத்திலோ வம்பாக்கீரப்பாளையத்திலோ ஒரு கர்ப்பிணியின் முகவீக்கத்தை முதலில் கவனித்து, "இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு அம்மா" என்று வற்புறுத்தக் கூடியவர், வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் சுகாதாரப் பணிப்பெண்தான்.

இத்தகைய பெண்களின் கையில் இப்பொழுது பதிவேடுகளோடு கைபேசியும் சேர்ந்துகொண்டது. துணைச் செவிலியருக்கு 'அன்மோல்', அங்கன்வாடி ஊழியருக்கு 2021 மார்ச்சில் வந்த 'போஷன் டிராக்கர்' என்று நாடெங்கும் செயலிகள் பெருகியிருக்கின்றன. தடுப்பூசி தவறிய குழந்தையையும் எடை குறைந்த குழந்தையையும் பெயர் சொல்லிக் காட்டும் சாதனத்தை வேண்டாமென்பது பேதைமை. என் ஆட்சேபம் வேறு. விவரம் முழுவதும் மேல்நோக்கியே போகிறது. சேகரித்தவளுக்குப் பிரயோஜனமாக அதில் திரும்பி வருவது சொற்பம். மகாராஷ்டிரத்து அங்கன்வாடி ஊழியர்கள் அதே 2021-இல், செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது, கொடுத்த கருவியோ திணறுகிறது என்று கைபேசிகளைத் திருப்பி ஒப்படைத்தபோது, டில்லியில் எத்தனை பேர் அதன் தாத்பரியத்தை உணர்ந்தார்களோ, அறியேன்.

இந்த விஷயத்தில் நாம் வெளியூரில் பாடம் கேட்க வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களை அமைத்தபோது, உங்களுக்கு எந்தச் செய்தி வேண்டும் என்று ஜனங்களைக் கேட்ட பிறகே காரியத்தைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே நிலையம் அமைந்தது. மின்சாரம் தவறும் இடங்களில் சூரிய ஒளித் தகடுகளும், தொலைபேசி எட்டாத இடங்களில் வானொலி அலைக் கருவிகளும் துணை செய்தன. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயரக் கணிப்பு வில்லியனூரில் தமிழாகி, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் மீனவர் காதுக்கு எட்டிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் சுனாமி அலையின் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, அதை ஊரார் நிலையத்து ஒலிபெருக்கியில் முழங்க, ஆயிரக்கணக்கானவர்கள் உயிர் தப்பினார்கள். செய்தி வேண்டியவரின் காதில், வேண்டிய நேரத்தில், அவர் பாஷையில் விழுந்தது.

வெளியூர் உதாரணமும் வேண்டுமென்றால், ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் நாமிட்டெட்டேயிலுள்ள செயின்ட் கேப்ரியல் மருத்துவமனை, 2008 வாக்கில் தொலைதூரக் கிராமத்துத் தொண்டர்களுக்குச் சாதாரணக் கைபேசிகளைக் கொடுத்தது. குறுஞ்செய்தியில் கேட்ட சந்தேகத்துக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்ததுதான் அங்கே விசேஷம்.

நம்மவர்களுக்கோ 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கி, வீடு வீடாகச் செல்லும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களைக் கௌரவித்தது. விருதைக் காட்டி ரீசார்ஜ் போட முடியுமா என்பது வேறு விஷயம். 2005-இல் திட்டம் பிறந்த நாள்முதல் தன்னார்வலர் என்ற பட்டத்தோடு ஊக்கத்தொகை பெற்று உழைப்பவர்களிடம், பதிவேட்டையும் எழுது, செயலியிலும் ஏற்று என்று இரட்டைச் சுமை வைப்பது நியாயமன்று. செயலி வந்தால் பதிவேடு போக வேண்டும். மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் பேசும் நம் பிரதேசத்தில், மொழி என்பது பிற்பாடு பார்த்துக்கொள்ளும் சங்கதியும் அன்று.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யத்தக்க ஒரு சிறு காரியம் உண்டு. பணிப்பெண் அனுப்பிய நோயாளி பெரிய ஆஸ்பத்திரியில் என்ன ஆனார், எந்த மாத்திரையோடு வீடு திரும்புகிறார், மறுபடி எப்போது வரவேண்டும் என்ற விவரம் அவளுக்கே திரும்பி வரட்டும். இதற்குப் புதிய செயலியும் டெண்டரும் வேண்டா. நோயாளியின் சம்மதம் பெற்று, டிஸ்சார்ஜ் சீட்டு அச்சாகும் கணினியிலிருந்து அவள் பாஷையில் ஒரு குறுஞ்செய்தி போனால் போதும்.