டிக்கிரி நகல் எங்கே?

நமது கல்லல், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் ஜாதகக் கட்டு ஒன்று மஞ்சள் தடவிப் பத்திரமாய் இருக்கும். பாட்டனுடைய ஜாதகம்கூட அதில் கிடக்கும். செத்துப்போனவர் ஜாதகத்தால் இனி யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால் பதில் இராது. ஆனாலும் கறையான் அரிக்காமல் காப்பாற்றி வைத்திருப்பார்கள். அதே வீட்டில் விவாகரத்துப் பெற்று வந்து வாழும் பெண் ஒருவர் இருந்தால், "உன் டிக்கிரி நகல் எங்கே அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "வக்கீல் அய்யாவிடம் இருக்கும்", "அப்பா வாங்கி வைத்தார், அவர் காலமாகிவிட்டார்", "பஞ்சாயத்தில் எழுதின காகிதம் ஒன்று கிடந்தது" என்பவைதான் பதிலாய் வரும்.

பொய்க் காகிதத்துக்கு இரும்புப் பெட்டி. மெய்க் காகிதத்துக்கு இடமில்லை! ஒரு கோர்ட்டு நகலைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எழுதத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. உரியவர் கையில் இருக்க வேண்டும்.

இந்த உரிமை சும்மா வந்ததா? 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாடு, ஒத்துவராத விவாகத்திலிருந்து விலகிக்கொள்ளப் பெண்ணுக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது, வைதீகர்கள் குடும்பமே கெட்டது என்று கூச்சலிட்டார்கள். பிறகு சென்னை மாகாணத்தில் 1949-ல் இருதாரத் தடைக்கும் விவாகரத்துக்குமாக ஒரு சட்டம் வந்தது. 1955-ல் இந்தியா முழுமைக்குமாக இந்து விவாகச் சட்டம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869 முதலும், முஸ்லிம் பெண்களுக்கு 1939 முதலும் தனித்தனிச் சட்டங்கள் இருந்து வருகின்றன. இவ்வளவு சட்டம் வந்தும், தீர்ப்பு வாங்கிய பெண் தன் தீர்ப்பைக் கண்ணால் பாராமல் இருந்தால் யாருக்கு லாபம்?

காகிதத்தின் வலிமையை நம்மைப் போல் பட்டு அறிந்தவர் வேறு யாருமில்லை. 1934-ல் புரோகிதரும் ஓமமும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று சொத்து வழக்கில் சிக்கி, 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டு அத்திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஊரறிய, சபையறிய நடந்த கல்யாணம் கோர்ட்டுப் படியேறியபோது கல்யாணமே இல்லை என்றாயிற்று. அந்தக் குறையை நீக்கும் சட்டத் திருத்தம் 1967-ல்தான் இயற்றப்பட்டது. ஊரறிந்த கல்யாணத்துக்கே அந்தக் கதி என்றால், ஊரறிந்த விலகலுக்கு மட்டும் கோர்ட்டு தலை வணங்குமா?

இங்கேதான் பஞ்சாயத்துக்காரர்களின் விஷயம் வருகிறது. நாலு பெரிய மனிதர் கூடி, முத்திரைத்தாள் வாங்கி, "இன்று முதல் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் விவாகம் தீர்ந்தது என்று நம் மக்கள் நம்புகிறார்கள். வழக்கத்தை ஒட்டிய விவாகரத்தை 1955-ம் வருஷச் சட்டத்தின் 29-வது பிரிவு ஒப்புக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்பதைச் சொல்லுகிறவரே கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டும். ருசுப்படுத்த முடியாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதமே. நோட்டரி வக்கீலின் சிவப்பு முத்திரையும் அதை டிக்கிரியாக்கிவிடாது.

அந்தக் காகிதத்தை நம்பி அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும்? முதல் விவாகம் தீரவில்லை என்று எவனாவது கிளப்பினால் இரண்டாவது விவாகம் செல்லாது. புதிய தண்டனைச் சட்டத்தின் 82-வது பிரிவின்படி ஏழு வருஷம் வரையில் தண்டனைக்கும் இடமுண்டு. பிறந்த பிள்ளைகளின் சொத்துப் பாத்தியதையில் வழக்கு முளைக்கும். மறுமணம் செய்யாமல் இருந்தால் மட்டும் தொல்லை இல்லையா? உதவித் தொகைக்குப் போனால், தகப்பனாரின் குடும்பப் பென்ஷனுக்குப் போனால், "கோர்ட்டு உத்தரவு கொண்டு வா அம்மா" என்பார்கள். பஞ்சாயத்துப் பெரிய மனிதர் அன்றைக்கு எங்கே இருப்பாரோ!

ஆகவே டிக்கிரி வேண்டும். அதன் நகல் கையில் வேண்டும். அதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இந்து விவாகச் சட்டத்தின் 23-வது பிரிவில் 1976-ல் சேர்த்த விதி ஒன்று, விவாகரத்து டிக்கிரி கொடுக்கும் கோர்ட்டு இரு தரப்பாருக்கும் அதன் நகலைச் செலவில்லாமல் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லுகிறது. இதை எத்தனை பெண்கள் அறிவார்கள்? அறியாததினாலேயே, தமக்குச் சும்மா வர வேண்டியதற்குத் தரகரிடம் பணம் கொடுத்துவிட்டு நடையாய் நடக்கிறார்கள்.

அன்று வாங்காமல் விட்டவர்களும், வாங்கித் தொலைத்தவர்களும் என்ன செய்வது? முதலில் எந்தக் கோர்ட்டு என்று கண்டுகொள்ள வேண்டும். விவாகம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருக்கும் ஊர் ஆகியவற்றில் ஒன்றுக்கு உரிய கோர்ட்டில்தான் வழக்கு நடந்திருக்கும். 2003-ம் வருஷத் திருத்தத்துக்குப் பின், மனுப் போட்டது மனைவியானால் அவர் குடியிருக்கும் ஊரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்லல் பெண்ணுடைய வழக்கு சிவகங்கையில்தான் இருக்கும் என்பதில்லை. புருஷன் வீடு மதுரையானால் மதுரையில் தேட வேண்டியிருக்கலாம். பழைய வழக்கானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிவகங்கை தனி ஜில்லாவானது 1985-ல்தான். அதற்கு முன் நாம் இருந்த ராமநாதபுரம் ஜில்லாவின் தலைமையிடம் வெகுகாலம் மதுரையிலேயே இருந்தது. ஆகையால் இங்கே இல்லை என்றதும் கட்டே இல்லை என்று திரும்பிவிடக் கூடாது.

அடுத்தது வழக்கு நம்பர். பழைய சம்மனிலோ, வக்கீலின் கட்டிலோ, எச்.எம்.ஓ.பி. என்ற எழுத்துகளோடு நம்பரும் வருஷமும் இருக்கும். அதுவும் இல்லையென்றால் சர்க்காரின் இ-கோர்ட்ஸ் இணையத்தில், சமீப வருஷங்களின் வழக்குகளை ஜில்லா, கோர்ட்டு, கட்சிக்காரர் பெயர், வருஷம் கொடுத்துத் தேடலாம். ஆனால் கைப்பேசியில் பார்ப்பது வேறு. கோர்ட்டு முத்திரை வைத்த சரிநகல் வேறு. ஆபீசுகளில் செல்லுவது பின்னதுதான்.

நம்பர் கிடைத்தால் அந்தக் கோர்ட்டின் நகல் பிரிவில், பெயர், நம்பர், தீர்ப்பான தேதி ஆகியவற்றை எழுதி, உரிய கட்டண முத்திரையோடு நகல் மனுக் கொடுக்க வேண்டும். ஜட்ஜ்மெண்டு என்பது காரணம் சொல்லும் தீர்ப்புரை. டிக்கிரி என்பது முடிவைச் சொல்லும் ஆணை. இரண்டையும் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். வழக்கு முடிந்து நாளாகியிருந்தால் கட்டு ரிக்கார்டு அறைக்குப் போயிருக்கும். தேடி எடுக்கத் தாமதமாகலாம். கோர்ட்டுக் கட்டுகளில் தேவையற்றவற்றைக் கெடு முடிந்தபின் அழிக்க 1917 முதல் சட்டமிருப்பதால், பத்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் ஆகாதா என்று தோழர்கள் கேட்கலாம். கோர்ட்டு நகலைக் கோர்ட்டு விதிப்படியே கேட்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த வழியில் காலம் கழிக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் போன புருஷன், "கோர்ட்டில் தீர்த்துவிட்டேன்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினால் அப்பேச்சை நம்பிச் சும்மா இருக்கவும் கூடாது, பயந்து அழவும் கூடாது. எந்தக் கோர்ட்டு, எந்த நம்பர் என்று கேட்க வேண்டும். இங்கே ஒருதலையாக டிக்கிரி வாங்கியிருந்தால், சம்மன் சரியாகச் சேராத பெண் விஷயம் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள் அதை ரத்துச் செய்ய மனுப் போடலாம். அன்னிய நாட்டுக் கோர்ட்டில் வாங்கியதானால், நம் நாட்டுச் சட்டம் ஒப்பாத காரணத்துக்காக, மனைவி ஆஜராகாமல் பெற்ற டிக்கிரி இங்கே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-லேயே சொல்லிவிட்டது. எதற்கும் நகலைப் பார்த்தால்தானே தெரியும்?

நிற்க, மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால், எதற்காக என்று பிரமாணத்தோடு காரணம் சொல்லிக் கோர்ட்டின் உத்தரவு பெற வேண்டும். விவாக வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்றும், அந்த நடவடிக்கைகளை அச்சிட்டுப் பரப்பக் கூடாது என்றும் 22-வது பிரிவு சொல்லுகிறது. இது நியாயமே. ஊர் வம்புக்காக ஒரு பெண்ணின் கண்ணீரைக் கிளறுகிறவனுக்கு நகல் எதற்கு? ஆனால் மறுமணம் பேச வருகிறவர்கள், பத்துப் பொருத்தம் பார்க்கும் நேரத்தில் பதினோராவதாக, "முன் விவாகம் தீர்ந்த டிக்கிரியைக் காட்டுங்கள்" என்று ஆணிடமும் பெண்ணிடமும் நேரே கேட்கட்டும். மேல்முறையீட்டுக்குரிய காலம் கடந்ததா, அப்பீல் நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்கட்டும். அந்த ஒரு பொருத்தம் பார்த்தால் மற்றப் பத்தும் பார்க்க வேண்டியதில்லை என்பது நமது கருத்து.

பணமில்லையே, துணையில்லையே என்று சகோதரிகள் தயங்க வேண்டாம். 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும், கல்லல் ரயிலடியிலிருந்து கோர்ட்டு வாசல்வரை கூடப் போய்வரவும் நமது வாலிபர்கள் முன்வர வேண்டும். மேடையில் பெண் விடுதலை பேசுவதைவிட இது ஒரு நாளைக்கு அதிக வேலை செய்யும்.

விவாகரத்து வாங்கியது வெட்கமல்ல. வாங்கியதற்கு ஆதாரம் இல்லாமல் பிறர் தயவில் நிற்பதுதான் ஆபத்து. இந்த வாரமே அந்தப் பெட்டியைத் திறந்து, ஜாதகக் கட்டை எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் டிக்கிரி நகலை வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.