பக்க எண்ணை நம்பலாமா?

மதுரைத் திட்டத்தார் 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தம் பணியைத் தொடங்கியது முதல், பழந்தமிழ் நூல்கள் விலையின்றி நம் கணினிக்கே வந்து சேருகின்றன. புணேயில் வாழும் நமக்கு இது பெரும்பேறு. ஆயினும், நேற்றிரவு தாத்தா கம்பராமாயணத்தில் நிறுத்திய இடத்தை இன்று பேரன் தேடித் தர வேண்டியிருக்கிறது. "நூற்று நாற்பதாம் பக்கமடா" என்பார் அவர். அங்கே வேறொரு படலம் நிற்கும். கண்ணுக்கு இதமாக எழுத்தின் அளவைக் கூட்டியபோதே பக்கங்களும் பெருகிவிட்டதை இருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தொல்லை புதியதன்று. நம் நகரத்துப் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தார், 1919 முதல் 1966 வரை உழைத்து மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை உருவாக்கினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள். அவற்றுள் நம் பக்கத்துக் கிரந்தச் சுவடிகளும் உண்டு. ஒரே சுலோகம் ஒவ்வொரு சுவடியிலும் ஒவ்வோர் ஏட்டில் இருக்குமானால், ஏட்டின் எண்ணால் என்ன பயன்? ஆகவே சுலோகத்தையே நிலைக்களமாகக் கொண்டு பாடபேதங்களைக் குறித்தனர். பின்னர்ச் செய்யுளடிகளின் முதற்குறிப்பு அகராதியையும் வெளியிட்டனர். உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களிலும் பாட்டு முதற்குறிப்பு அகராதியை நாம் கண்டிருக்கிறோம். இடத்தைச் சொல்லோடு கட்டிவைப்பதே அம்முறை.

கணினியில் 'புக்மார்க்' செய்வதும் இதுவே. வேர்டில் வேண்டிய சொற்களைத் தெரிந்தெடுத்து, 'இன்செர்ட்' பகுதியில் 'புக்மார்க்' என்பதை அழுத்திப் பெயரிடுக. பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும். நடுவே இடைவெளி கூடாது. ஆங்கில எழுத்தில் பெயரிடுவது தொல்லையற்றது. பிறகு கண்ட்ரோலும் 'ஜி'யும் சேர்த்து அழுத்தி, 'புக்மார்க்' என்பதைத் தேர்ந்து அப்பெயரைச் சுட்டினால் அவ்விடம் வந்து நிற்கும். முன்னால் பத்துப் பக்கம் சேர்த்தாலும், எழுத்தைப் பெருக்கினாலும் குறி தன் சொல்லை விடாது. அச்சொற்களையே அழித்தால் மட்டும் அதுவும் மறையும். கோப்பைச் சென்னைக்கு அனுப்பினால் குறிகளும் உடன் செல்லும். நோட்பேட் பிளஸ் பிளஸில் கண்ட்ரோலுடன் எஃப்2 குறியிடும், எஃப்2 அடுத்த குறிக்குக் கொண்டு செல்லும். ஆனால் அக்குறிகள் கோப்புக்குள் தங்குவதில்லை. நெடுநாள் வேலைக்கு அதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

படிப்பதைவிட எழுதுவதற்கே இக்குறி மிகவும் உதவும் என்பது நம் கருத்து. குடும்பம் புணேக்கு வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தட்டச்சு செய்யும் இல்லங்கள் சிலவற்றை அறிவோம். "அந்த ஊர்ப் பெயர் நினைவில்லை, உன் அத்தைப் பாட்டிக்குத்தான் தெரியும்" என்று கதை இடையில் நிற்கும். வெற்றிடம் விட்டு மேலே சென்றால், அறுபதாம் பக்கம் வருவதற்குள் கேட்க வேண்டியது மறந்துபோகும். அத்தைப் பாட்டிக்கும் வயது ஏறிக்கொண்டேயிருக்கிறது. எனவே ஐயமுள்ள ஒவ்வோர் இடத்திலும், கேட்க வேண்டியவரின் பெயரோடு எண் சேர்த்துக் குறியிடுக. அச்சிடும்போது அது தாளில் விழாது. ஞாயிறன்று தொலைபேசியில் பாட்டி கிடைத்ததும், அவர் பெயரிலுள்ள குறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, விடையை அங்கேயே தட்டச்சு செய்துவிடலாம்.