ஆயிரம் என்றால் ஆயிரமே



'கிலோ' என்னும் முன்னொட்டுக்குப் பொருள் ஆயிரம். கிலோமீட்டர் என்றால் ஆயிரம் மீட்டர். கிலோகிராம் என்றால் ஆயிரம் கிராம். இதை நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே கற்றுவிடுகிறார்கள். அதே பிள்ளை விண்டோஸ் இயங்குதளம் உள்ள கணினியைத் திறந்து ஒரு கோப்பின் அளவைப் பார்த்தால், அங்கே 'கிலோ' 1,024 ஆகிவிடுகிறது. 'மெகா' 1,048,576 ஆகிறது. 'ஜிகா' 1,073,741,824 ஆகிறது. பெயர் பழையது, பொருள் வேறு. இது கணக்குப் பிழை மட்டுமன்று, சொற்பிழையும் ஆகும். ஆகவேதான் மொழியாசிரியனாகிய நான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

"500 ஜிகாபைட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது, கணினியோ 465 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ஏமாற்று எதுவும் இல்லை. வன்தட்டில் 500 நூறுகோடி பைட்டுகள் முழுமையாக உள்ளன. கணினி அவற்றை 1,073,741,824-ஆல் வகுத்து, விடைக்குப் பக்கத்தில் 'ஜிபி' என்று எழுதிவிடுகிறது. அளவு கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும். கிலோவில் 2.4 விழுக்காடு, மெகாவில் ஏறத்தாழ 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10. ஒரு டெராபைட் வன்தட்டு 931 ஜிபி என்று தெரிவதன் காரணம் இதுவே.

இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. வன்தட்டு நிறுவனமான சீகேட் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2007இல் சமரசத்தில் முடிந்தது. 1981இல் சிங்கப்பூரில் பிறந்த கிரியேட்டிவ் டெக்னாலஜியும் தப்பவில்லை. அதன் இசைக்கருவிகளின் கொள்ளளவு குறித்து அமெரிக்காவில் எழுந்த வழக்கு, 2008இல் வாங்கியோருக்குத் தள்ளுபடி வழங்கும் உடன்பாட்டுடன் முடிந்தது. வன்தட்டுத் தொழிலில் ஒரு காலத்தில் உலகிலேயே முன்னணியில் நின்ற ஊர் நம் ஊர். அப்படிப்பட்ட ஊரில் வாழும் நமக்கு இது அயலார் சிக்கல் ஆகுமா?

"கணினி இரண்டின் அடுக்குகளில்தான் எண்ணும். 1,024 என்பதே அதற்கு இயல்பு" என்பார் உண்டு. இதில் பாதி உண்மை. நினைவகச் சில்லுகளின் முகவரிகள் இரும எண்களால் ஆனவை. ஆகவே அவற்றின் கொள்ளளவு இரண்டின் அடுக்காக அமைவது இயற்கை. வன்தட்டுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. வலையிணைப்பின் வேகத்தைச் சொல்லும்போது 'மெகா' என்பது பத்து இலட்சமே. செயலியின் வேகத்தைச் சொல்லும்போது 'ஜிகா' என்பது நூறு கோடியே. ஒரே பெட்டிக்குள் ஒரே முன்னொட்டுக்கு இரண்டு பொருள் இருப்பதை இயல்பு என்று எப்படி ஏற்பது? பழைய நெகிழ்வட்டு இதனினும் விந்தை. '1.44 மெகாபைட்' எனப்பட்ட அதில் இருந்தவை 1,474,560 பைட்டுகள். அஃதாவது 1,440 × 1,024. அங்கே 'மெகா' என்பது ஆயிரம் ஆயிரமும் அன்று, 1,024 × 1,024-உம் அன்று. இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று!

திருத்த வழியில்லாமலும் இல்லை. 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் இரும அளவுகளுக்கெனக் கிபி, மெபி முதலிய தனிப்பெயர்களை வகுத்தது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஸ்னோ லெப்பர்டு இயங்குதளத்தில் கோப்பு, வன்தட்டு அளவுகளை ஆயிரத்தின் அடுக்குகளிலேயே காட்டத் தொடங்கியது. உபுண்டு 2010இல் அவ்வழியில் சென்றது. ஆண்ட்ராய்டு 2017இல் தன் எட்டாம் பதிப்பில் மாறியது. அவற்றைப் பயன்படுத்துவோர் எதையும் இழந்துவிடவில்லை. விண்டோஸ் மட்டும் 1,024-ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே ஒட்டிவைக்கிறது. 5,000,000 பைட் உள்ள ஒரு கோப்பு தந்தையின் மேக் கணினியில் 5 எம்பி. மகளின் விண்டோஸ் கணினியில் 4.8-க்கும் சற்றுக் குறைவு. ஒரே கோப்பு, ஒரே வீடு!

"கணக்கை மாற்றாமல் புதுப்பெயரை மட்டும் போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். நேர்மையான வழிதான். ஆயினும் தமிழில் அது நமக்கு உதவாது. ஆங்கிலத்தில் கிலோவின் இரும வடிவம் ககர ஒலியிலும், ஜிகாவின் இரும வடிவம் அதன் மெல்லொலியிலும் தொடங்குகின்றன. நம் எழுத்தில் அவ்விரண்டும் 'கிபி' என்றே அமையும். ஒன்று மற்றொன்றைப் போல் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல்! வேறுபடுத்த எண்ணி 'ஜிபி' என்று எழுதினால், அது ஏற்கெனவே ஜிகாபைட்டின் சுருக்கமாக வழங்குகிறது. போதாக்குறைக்கு, வரலாற்றுப் பாடத்தில் கி.பி. வேறு இருக்கிறது. தமிழ் வழியே கற்பிப்போர்க்குத் தெளிவான வழி ஒன்றே: ஆயிரத்தை ஆயிரமாகவே எண்ணுவது.

அளவைச் சொல்லும்போது எந்த அளவை என்று சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னின் நிறையோடு 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்தது என்ற குறிப்பும் உண்டு. மணிகளுக்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் வேறொரு கல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு அளவைகளுக்கு இரண்டு பெயர் வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். இன்றைய கணினியோ இரண்டு கல்லுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு நிறுக்கிறது.

நம் தோ பாயோ ஈரச்சந்தையையே பாருங்கள். முன்பு 'கட்டி' என்ற நிறையில், ஏறத்தாழ 605 கிராம் கணக்கில், மீனும் காய்கறியும் விற்றார்கள். 1970களில் சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு மாறியது. கட்டியில் நிறுத்துவிட்டுக் கிலோ என்று சொன்ன மீன்காரரை எவரேனும் பொறுத்துக்கொண்டிருப்பார்களா? இன்றும் வணிகத் தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரை ஒட்டப்பட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஐந்து வெள்ளி மீனுக்கு உள்ள காவல், ஐந்நூறு வெள்ளி வன்தட்டின் அளவைக் காட்டும் திரைக்கு இல்லை.

இயங்குதளம் எழுதுவோர் மாற்ற வேண்டியது பெரிதன்று. கோப்பின் அளவைத் திரையில் காட்டும் இடத்தில் வகுக்கும் எண்ணை மாற்றினால் போதும். உள்ளே கணினி எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை கேட்டால், "கணினி என்றால் அப்படித்தான்" என்று வாயடைக்காதீர்கள். கோப்பின் மேல் வலச்சொடுக்கிட்டுப் பண்புகளைத் திறந்து காட்டுங்கள். அளவுக்குப் பக்கத்திலேயே பைட்டுகளின் முழு எண்ணிக்கையும் இருக்கும். அதை ஒருமுறை ஆயிரத்தாலும் ஒருமுறை 1,024-ஆலும் பிள்ளையே வகுத்துப் பார்க்கட்டும். அட்டைப்பெட்டிக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். திரையில் தெரிவதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதும் விளங்கும்.

சொல்லுக்குப் பொருள் நிலையாக இருக்க வேண்டும் என்று நாள்தோறும் வகுப்பில் சொல்கிறோம். கணினிக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன், தோ பாயோ